காதர் பாய் தோற்க மறுத்த பந்தயம்

சிங்கப்பூர் ஆற்றில் சம்பான் என்னும் சிறுபடகு ஓட்டிய அப்துல் காதரைப் பினாங்கிலும் ஜோகூரிலும் தெரியும். டச்சுக்காரர் ஆண்ட ரியாவ் தீவுகளிலும் தெரியும். போருக்கு முன் அங்கெல்லாம் நடந்த படகுப் பந்தயங்களில், நின்றபடி இரட்டைத் துடுப்பு வலித்து முதலாவதாக வந்தவர் அவர். வென்ற கோப்பைகளில் மனைவி ரபியா மிளகாய்த்தூள் போட்டு வைத்திருந்தார்.

ஜப்பானியர் பிடித்ததும் ஊரின் பெயர் சியோனான் ஆனது. பேரரசரின் பிறந்தநாளுக்குக் கடலில் பந்தயம் என்றார்கள். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் அழகப்பன், காதர் குடியிருந்த டன்லப் தெருவுக்கே தேடி வந்தார்.

“காதர் பாய், கடற்படை ஆளுதான் ஜெயிக்கணும். நீங்க ரெண்டாவதா வந்தாப் போதும். அரிசி மூட்டை தருவாங்க.”

“தோக்கறதுக்கு வேற ஆளைப் பாருங்க.”

“உங்க பேரைச் சொல்லித்தான் கூட்டம் சேர்க்கறாங்க. வரலைன்னா பிடிச்சிட்டுப் போயிடுவாங்க.”

காதர் மனைவியைப் பார்த்தார். மரவள்ளிக்கிழங்கையே தின்று பிள்ளைகளின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ரபியா அழகப்பனிடமே சொன்னார்: “கிழங்கு இன்னும் இருக்கு. அவர் வலிக்கிறபடி வலிக்கட்டும்.”

பந்தயத்தன்று எதிர்க்காற்று. கடற்படை இளைஞன் நல்ல வலுக்காரன். பாதித் தூரம் அவனே முன்னால் போனான். காதர் அவசரப்படவில்லை. அலை தூக்கும்போது மூச்சு வாங்கி, சரியும்போது முழு பலத்தோடு வலித்தார். எல்லைக் கொடியைத் தாண்டும்போது ஒரு படகு நீளம் முந்தியிருந்தார். கரையில் கைதட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஜப்பானிய அதிகாரி அறைந்த அறையில் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. குனிந்து வணங்கச் சொன்னான். காதர் நிமிர்ந்தே நின்றார். மறுபடி அடி விழுந்தது. சம்பானைப் பறித்துக்கொண்டு, துறைமுகத்தில் நிலக்கரி சுமக்க அனுப்பிவிட்டார்கள்.

மறு ஆண்டும் அழகப்பன் வந்தார். “உங்களை ஜெயிக்காம மத்தவங்களை ஜெயிச்சு என்ன மதிப்புங்கறான் அந்தப் பையன். ஒரே ஒரு தடவை தோத்துடுங்க பாய். சம்பானைத் திருப்பித் தர்றாங்களாம்.”

காதர் இடது காதைக் காட்டித் திரும்பிக்கொண்டார். “இந்தக் காது கேக்காது லா. உங்க துரை அடிச்சது.”

போர் முடியும்வரை நிலக்கரிதான் சுமந்தார். அதன்பின் நடந்த முதல் பந்தயத்தில் இரவல் படகோடு இறங்கி, தோள்பட்டை வலியோடு நான்காவதாக வந்தார். கரையேறியதும், வென்ற மலாய் இளைஞனைக் கட்டிப்பிடித்து, “அடுத்த வருஷம் உன்னை விடமாட்டேன்” என்று மலாயில் சொன்னார்.