மலையில் வைத்த பந்தயம்

எண்பதுகளில் ராஜபாளையம் நூல் மில்லுக்குப் போய்வந்த என் அத்தைக்கு மூச்சிழுப்பு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த மாமாவுக்கோ எதற்கும் தீர்ப்புச் சொல்லும் வியாதி உண்டு. எல்லாம் பஞ்சுத்தூசி செய்கிற வேலை, மில்லை விட்டுவிடு என்பார். அத்தை மசியமாட்டாள். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தூசியே இல்லாத கொடைக்கானலுக்குப் போவது. அங்கே இழுப்பு வராவிட்டால் அத்தை வேலையை விடுவது. பள்ளிக்கூட லீவில் வீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த என்னையும் கூட்டிப் போனார்கள்.

போன அன்று லாட்ஜ் மாடிப்படி ஏறும்போது மட்டும் அத்தைக்கு லேசாக மூச்சு வாங்கியது. மாமா அதைக் கவனிக்கவில்லை. மற்றபடி நன்றாகவே மூச்சு விட்டாள். மாமா அந்த மலையைத் தானே கட்டியவர் மாதிரி ஏரிக்கரையில் நடந்தார்.

"பாத்தியா, காத்து எம்புட்டுச் சுத்தம்! திங்கக்கிழமையே மில்லுல சொல்லிரு."

அத்தைக்கு முகம் செத்துப்போயிற்று. அவளுடைய தோழிகள், சம்பளம், சிரிப்பு எல்லாம் அந்த மில்லில்தான் இருந்தன. வேலை போனால் பாத்திரக்கடையில் உட்கார்ந்து மாமாவின் தீர்ப்புகளைக் கேட்கவேண்டியதுதான்.

மறுநாள் காலை மாமா டீ வாங்கப் போனதும் அத்தை என்னை எழுப்பினாள்.

"ஏட்டி, அந்த மேட்டு வரைக்கும் ஓடுவமா? யாரு மொதல்லன்னு பாப்போம்."

நான் விடுவேனா? பனியில் மூக்கு எரிய ஓடி, உச்சியில் நின்று கைதட்டினேன். பின்னால் வந்த அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் விசில் கேட்டது. என் கையைப் பிடித்து மார்பில் அழுத்திக்கொண்டாள். உள்ளே தடதடவென்று அடித்தது. மலைக்காற்று சுத்தம்தான், ஆனால் மெலிசு. அந்தக் குளிரில் ஓடினால் இழுப்புக்காரருக்கு மூச்சுக்குழல் இறுகும், காற்று போதாமல் இதயம் இரட்டை வேலை பார்க்கும். இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு தெரிந்துகொண்டது.

டீயோடு திரும்பிய மாமா, அத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். மாத்திரையை விழுங்கி, செத்த நேரம் கழித்து அத்தை வாய் திறந்தாள்.

"பாத்தியளா? பஞ்சே இல்லாத மலையிலயும் இழுக்குதே. மில்லு என்ன பாவம் பண்ணுச்சு?"

பயத்தில் மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை அத்தை மில்லுக்குப் போனாள். அன்று சாயங்காலம் மாமாவிடம் என் பெருமையை ஆரம்பித்தேன். "மாமா, மலையில நானும் அத்தையும்..." என்றதுமே அத்தை ஓடிவந்து ஒரு முழு லட்டை என் வாயில் திணித்தாள். தோற்றவள் எதற்கு எனக்குப் பரிசு தருகிறாள் என்று விளங்காமல் நான் மென்றுகொண்டிருந்தேன்.