டீச்சருங்களை விசாரிக்க வந்த பொண்ணு

இல்லம்மா, அது லோன் குடுக்க வந்த பொண்ணு இல்ல. கழுத்துல தொங்குன அட்டையைப் பாத்து நானும் அப்டித்தான் நெனச்சேன். நம்ம எதிர் ஸ்கூலுக்கு வந்துச்சு. டீச்சருங்களுக்கு வேலை எப்டி இருக்குது, வசதி இருக்குதா இல்லியான்னு கேக்கறதுக்காம்.

இத்தினி வருசம் எவனும் கேக்கல, இப்ப இன்னாத்துக்கு? பசங்க வேற கம்மியாய்ட்டாங்க. ஸ்கூல மூடத்தான் நோட்டம் பாக்குதுன்னு எனக்கு டவுட்டு. டீச்சருங்களுக்கு வேற பயம். கொறை சொன்னா மலைமேல இருக்கற ஸ்கூலுக்குத் தூக்கிப் போட்டுடுவாங்களாம். சின்ன டீச்சருக்குக் கைக்கொழந்தை. பள்ளிகொண்டாவுலர்ந்து பஸ்ல வருது பாவம்.

நான் சத்துணவுக்குக் கீரை ஆஞ்சு குடுத்துக்கினே எல்லாத்தையும் கேட்டேன்.

"பாத்ரூம் வசதி எப்டிங்க?"

"இருக்குதுங்க"ன்னுச்சு பெரிய டீச்சர்.

இருக்குது, யாரு இல்லன்னா? கதவும் தண்ணியும்தான் இல்ல. என் மருமவ போற ஷூ கம்பெனில ரெண்டும் இருக்குது. ஆனா போய்ட்டு வந்தா சூப்பர்வைசரு வாட்சைப் பாப்பானாம். அத வுடு.

கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணே நெளியுது. "டீச்சர், பாத்ரூம் எந்தப் பக்கம்?"

ரெண்டு டீச்சரும் மூஞ்ச மூஞ்சப் பாத்துக்கினாங்க. எனக்குன்னா சிரிப்பு அடங்கல! கடைசில சின்ன டீச்சரு நேரா நம்ம வூட்டுக்குத்தான் கூட்டியாந்துச்சு. நானும் பின்னாடியே வந்துட்டேன்.

வெளிய வந்து கேக்குது: "ஆயா, டீச்சருங்க டெய்லி இங்கதான் வருவாங்களா?"

"நீ யாரு அனுப்ச்ச ஆளு கண்ணு?"

"பயப்படாதீங்க ஆயா, டீச்சருங்க பேரெல்லாம் போட மாட்டோம்."

"இருக்கறதே ரெண்டு டீச்சரு. பேரு போடலன்னா கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

அது செல்லை எடுத்துச்சு. சின்ன டீச்சருதான் பேசிச்சு. "எழுதிக்கோங்க. அடிக்கடி போக முடியாதேன்னு தண்ணியே குடிக்கறதில்ல. இப்ப ஒடம்புக்கு வந்துடுச்சு, டாக்டர் திட்றாங்க. மலைக்கே போடட்டும், அங்கயாவது பாத்ரூமுக்குக் கதவு இருக்குதான்னு பாக்கறேன்."

அடியம்மா! அங்கயே நெட்டி முறிச்சுப் போட்டேன்.

ஆனா அந்தப் பொண்ணு செல்லுல தட்டுனத யாரு பாப்பாங்களோ? "கதவு வராம டிரான்ஸ்பர் வந்துச்சுன்னா, உன்னத் தேடிக்கினு வருவேன்"னேன். சிரிச்சுட்டுப் போச்சு. அது இன்னா சிரிப்புன்னு இன்னும் புரியலம்மா. நீ இன்னா நெனைக்கற...

தோ, பெல்லு அடிச்சுட்டாங்க. டீச்சருங்க வந்துடுவாங்க. இரு, பக்கெட்ல தண்ணி ரொப்பி வெச்சுட்டு வர்றேன்.