இரைச்சல் நீக்கிய பதிவு

அந்த ரஷ்ய சிம்பொனியின் புதுப்பித்த பதிப்பை ஒரு சனிக்கிழமை காலை இணையத்திலிருந்து இறக்கினேன். கடலடிக் கேபிள் வருவதற்கு முன் போர்ட் பிளேரில் ஒரு புகைப்படம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். இப்போது ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவே வந்துவிடுகிறது.

நான் பிறப்பதற்கு முன்பே பதிவான இசை அது. மூல நாடாவைத் தேடியெடுத்து, இரைச்சலைக் களைந்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். இதே பதிவு என்னிடம் கேசட்டாகவும் உண்டு; சென்னை நடைபாதைக் கடையில் வாங்கியது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தேதி, கிழமை, எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்று நோட்டில் எழுதிவைப்பேன். மழை, கப்பல் தாமதம், மின்வெட்டு எல்லாம் அதே நோட்டில்தான்.

டெலானிபூர் குவார்ட்டர்ஸின் முன்னறையில் உட்கார்ந்து கேட்டேன். கேசட்டில் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் ‘உஸ்’ அறவே இல்லை. “அபாரமான சுத்தம்” என்று எழுதினேன்.

மூன்றாம் பகுதி ஓடும்போது மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ராமநாதபுரத்துத் தமிழும் தீவின் இந்தியும் அவளுக்கு ஒரே மூச்சில் வரும்.

“ஏங்க, நடுவுல ஒருத்தன் ஆரத்தி மணி ஆட்டிக்கிட்டே இருக்கானே, யாரு அவன்?”

“மணியா? எங்கே?”

“இந்தா, இப்பக்கூட. டிங் டிங்குனு. ரஷ்யாவுலயும் பூஜை போடுறாங்களாக்கும்!”

சிரித்துவைத்தேன். எனக்கு எந்த மணியும் கேட்கவில்லை.

அவள் உள்ளே போனதும் அந்த இடத்தை மறுபடி போட்டேன். ஒலியைக் கூட்டினேன். எக்காளமும் முரசும் அறையை அதிரவைத்தன. மணி இல்லை. பழைய நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: “மூன்றாம் பகுதி. முக்கோண மணி, மிகத் தெளிவு.” கம்பியை முக்கோணமாக வளைத்துத் தட்டும் சின்ன வாத்தியம் அது. இரைச்சலை நீக்கும்போது அதையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள் போலும் என்று தேற்றிக்கொண்டேன். அப்படி நடப்பதுண்டு என்று படித்திருக்கிறேன். ஆனால் நீக்கிய மணி அவளுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

கேசட்டை எடுத்துப் போட்டேன். அதுவும் அதே அளவு சுத்தமாக இருந்தது.

நாடாவின் இரைச்சலை எங்கோ ஒரு நிபுணர் நீக்கினார், சரி. என் கேசட்டில் இருந்ததை யார் நீக்கினார்கள்?

அவளைக் கூப்பிட்டேன். “இதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதா?”

“எண்ணெய்ல வடை போட்ட மாதிரி சுர்ருங்குதே. பந்த் பண்ணுங்க, தலை வலிக்குது.”

“நாடா பழசாயிடுச்சு” என்றேன். பொய்.

அதன்பின் நாள் முழுவதும் சோதனைதான். குக்கர் விசில் கேட்டது. தகரத்தில் விழும் மழை கேட்டது. கடிகாரம் கேட்கவில்லை, நின்றுவிட்டதா என்று பார்த்தால் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் என்னென்ன போயிருக்கிறது என்று கணக்கெடுக்க வழியில்லை. கேட்காதது தன் பெயரைச் சொல்வதில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் யாராவது கோப்பு எண் சொன்னால் ‘ஸாத்’தா ‘ஆட்’டா, ஏழா எட்டா என்று பிடிபடாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். எல்லோரும் பார்க்கத் தொடங்கினார்கள்.

மெயின்லேண்டிலிருந்து காது மருத்துவர் வருவார் என்று பேச்சிருந்தது. செவ்வாய்க்கிழமை, மின்னி பே பகுதியில் குடியிருக்கும் வங்காளி சகா ஒருவர் மாடிப்படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்: “தாதா, கான்வாலா டாக்டர் கல்...” கடைசிச் சொல் தேய்ந்துபோனது. மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டு, “நாளை, புதன், காது மருத்துவர்” என்று குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அந்த அறை பூட்டியிருந்தது. நர்ஸ் என் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “டாக்டர் திங்கள்கிழமையே வந்துட்டுப் போயிட்டார், அங்கிள். இப்போ வடக்கே மாயாபந்தர்ல கேம்ப். சனிக்கிழமை வரைக்கும் அங்கதான்.”

இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும் உண்டு, நாளையும் உண்டு. கூட வரும் வினைச்சொல்தான் எது என்று காட்டும். ‘ஆயா தா’ என்றால் வந்தார். ‘ஆயேகா’ என்றால் வருவார். இந்தத் தீவில் இத்தனை வருடம் இருந்தும் நான் நாளைத் தவறவிட்டதில்லை. இப்போது அந்த வாலைத்தான் என் காது கத்தரித்திருந்தது. பரிசோதனை முடிந்துவிட்டது என்றே தோன்றியது. முடிவு எழுதிய காகிதம்தான் பாக்கி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேசட்டைப் பற்றிய பொய்யையும். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“டிவிய எவ்வளவு சத்தமா வைக்கிறீங்க! மேல் குவார்ட்டர்ஸ் தீதி சீரியல்ல யாரு செத்தான்னு நம்ம வீட்டு டிவிய வச்சே தெரிஞ்சுக்கிறா.” கத்தியை வைத்தாள். “நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.”

“போன காது இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டா?”

“சொல்லட்டும். மொதல்ல போவோம்.”

மாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வெள்ளிக்கிழமை காலை மாயாபந்தர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவந்தாள். இரண்டு டிக்கெட்.

“நீ எதுக்கு அலையணும்? நானே போயிட்டு வந்துருவேன்.”

“போவீங்க. டாக்டர் சொல்றத யாரு கேக்குறது?”

ஜன்னலோர இருக்கையா என்று மட்டும் கேட்டேன்.