கைலாசம் பிள்ளையின் மதியச் சாப்பாடு

கைலாசம் பிள்ளை வேலை பார்த்த சர்க்கார் ஆபீசுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு டீக்கடை, ஒரு மாவு மில், அவ்வளவுதான். மில்லில் கம்பு அரைபடுகிற சத்தம் வீட்டு அடுக்களைக்கும் கேட்கும், ஆபீசில் அவர் மேஜைக்கும் கேட்கும். அப்படியிருந்தும் மதியம் ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனது கிடையாது. கல்யாணமான புதிதில் கொஞ்ச நாள் போனார். பிறகு, "ஆபீசர் எப்ப கூப்பிடுவாருன்னு சொல்ல முடியாதுட்டி" என்று மனைவி காந்திமதியம்மாளிடம் சொல்லிவிட்டு வெளியில் சாப்பிட ஆரம்பித்தார். அந்த ஆபீசில் எந்த ஆபீசரும் அவரை எதற்கும் கூப்பிட்டதில்லை என்பது காந்திமதியம்மாளுக்குத் தெரியாது.

கூப்பிடாவிட்டால் என்ன, ஒரு விஷயத்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. சங்கரன்கோவிலில் மதியம் எங்கே சாப்பிடலாம் என்பதுதான் அது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளப்புக் கடையில் சாம்பார் பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டால்தான் சாம்பார், அதற்குப் பிறகு அண்டாவில் வெந்நீர் சேர்ந்துவிடும். வடக்கு ரத வீதி ஓட்டலில் வெள்ளிக்கிழமை அவியல் நன்றாக இருக்கும், மற்ற நாளில் அதே அவியலுக்குக் கூட்டு என்று பெயர். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலை மாற்றலாகி வருகிற ஆபீசர்கள் வாடகை வீடு விசாரிப்பதற்கு முன்னால் கைலாசத்தைத்தான் விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு, "சாருக்கு காரம் ஒத்துக்கிடுமா?" என்று டாக்டர் மாதிரிக் கேட்பார்.

காந்திமதியம்மாள் அதுவரைக்கும் எந்த ஓட்டலிலும் கால் வைத்ததில்லை. குற்றாலத்துக்குப் போனாலும் கட்டுச்சோறு, திருச்செந்தூருக்குப் போனாலும் கட்டுச்சோறு. அவள் சமையலைப் பற்றி யாராவது கேட்டால் கைலாசம், "இருக்கு, ஒண்ணும் குத்தம் சொல்லதுக்கில்ல" என்பார். துஷ்டி விசாரிக்கப் போன சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொல்வார்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவர் பெரும்பாலும் சாப்பிட்டது தெற்கு ரத வீதி பக்கம் தங்கத்தாய் கடையில். சுத்த சைவம். போர்டில் ஏதோ சாமி பேர் எழுதியிருந்தது, அதை யாரும் வாசித்ததில்லை. புருஷன் போன பிறகு தங்கத்தாய் தனியாளாக ஆரம்பித்த கடை. ஆறு பேர் உட்காரலாம், ஏழாவது ஆள் வாசல் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். கடையில் ஒரே ஒரு ஃபேன். அதன் கீழே இருக்கிற இடம் கைலாசத்துக்கு என்று எழுதாத சட்டம் இருந்தது. அந்த இடத்துக்குப் பதிலாக அவர் தினமும் தங்கத்தாயின் ரசத்தைப் புகழ்வார். "இந்த ரசத்துக்குத்தான் நான் ரிட்டயர் ஆகாம இருக்கேன்" என்பார். ரிட்டயர் ஆக அவருக்கு இன்னும் ரொம்ப வருஷம் கிடந்தது.

ஆடித்தபசுத் திருவிழா நெருங்கினால் ஊரில் கூட்டம் சேரும். அந்த வருஷமும் சேர்ந்தது. எழுதாத சட்டம் தெரியாத வெளியூர்க்காரர்கள் ஃபேன் இடத்தையும் பிடித்துக்கொள்ள, கைலாசமும் இலை கிடைக்க ரொம்ப நேரம் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. "வயித்தைக் கிள்ளுது, அங்கன உக்காந்திருந்தா தலை சுத்துது" என்று கைலாசம் வீட்டில் ஒருநாள் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் காந்திமதியம்மாள் மூடி போட்ட ஒரு சின்னச் சம்படத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"என்னது?"

"அவிச்ச கடலை. இலை வார வரைக்கும் ரெண்டு வாயில போட்டுக்கிடுங்க."

சாப்பாட்டுக் கடைக்கு வீட்டிலிருந்து தின்பண்டம் கொண்டு போவதா என்று அவருக்குக் கூச்சம். குடைக்குள் சம்படத்தை மறைத்துக்கொண்டு போனார். பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை பாதுஷா உட்கார்ந்திருந்தார். டாக்டர் கறியை நிறுத்தச் சொல்லியிருந்ததால் பாதுஷா சைவக் கடைக்கு வந்து தினமும் துக்கம் அனுஷ்டித்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்ததும் எலுமிச்சை வாசம் அடித்தது. அவித்த கடலையில் பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ச் சில்லு, மேலே புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒன்று பிழிந்திருந்தாள். அடுப்பில் வைத்தது கடலையை மட்டும்தான்.

"என்ன வே, தனியா அமுக்குதீரு?" என்று பாதுஷா கையை நீட்டினார். அவருக்குக் கொடுத்தால் அந்தப் பக்கம் இருந்தவருக்கும் கொடுக்க வேண்டும். பனவடலிசத்திரத்திலிருந்து உரம், விதை என்று அடிக்கடி வந்துபோகிற மூக்காண்டி என்ற விவசாயி கடைசிக் கடலையை எடுத்துவிட்டு, சம்படத்தின் அடியில் தேங்கிய எலுமிச்சைச் சாற்றை விரலால் வழித்தார். கைலாசத்துக்கு அதில் நாலு கடலைதான் கிடைத்தது.

மறுநாள் கைலாசம் வந்ததும் பெஞ்சில் எல்லாரும் அவரைப் பார்க்கவில்லை, குடையைப் பார்த்தார்கள்.

இப்படித்தான் அது பழக்கமானது. ஒருநாள் வெள்ளரிப் பிஞ்சை வகிர்ந்து மேலே ஏதோ சிவப்புப் பொடி தூவியிருக்கும். ஒருநாள் சீனியவரைக்காய் வற்றல் வறுத்தது. மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்து உருண்டை பிடித்திருப்பாள். சம்படம் பெரிதாகி, பிறகு தூக்குச்சட்டியானது. "நாளைக்குக் கொஞ்சம் கூடப் போடு" என்று கைலாசம் ராத்திரியே சொல்லிவைத்தார்.

"அம்புட்டையும் நீங்களா திங்கிய?" என்று காந்திமதியம்மாள் கேட்டாள்.

"பின்ன?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனிதருக்குத் தன் கைப்பக்குவம் பிடித்துவிட்டதே என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கூடவே பயமும் வந்தது. இவ்வளவு கடலையும் பயறும் ஒரு ஆள் வயிற்றுக்குப் போனால் வாயு பிடிக்காதா? அதனால் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் ஓமத் தண்ணீரைக் காய்ச்சி நீட்டுவாள். ஊரார் தின்ற கடலைக்குக் கைலாசம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் ஓமத் தண்ணீர் குடித்தார்.

பெஞ்சில் அவர் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பாதுஷா ஒருநாள், "வீட்டுல அம்மா கை நல்ல கை, வே" என்றார். கைலாசத்துக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "கை அவளுதுதான், பாய். பக்குவம் நம்ம சொல்லுதது. இத்தனை கடையில சாப்பிட்ட நாக்கு இல்லையா" என்றார். சொன்ன பிறகு அது உண்மை என்றே அவருக்குத் தோன்றிவிட்டது.

தங்கத்தாய் அடுப்படியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாப்பிட வேண்டிய ஆட்கள் வாசலிலேயே பாதி வயிறு ரொம்பி, உள்ளே வந்து இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்கிறார்கள். சிலபேர் சாப்பிடாமலே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் கரண்டியோடு வெளியே வந்து கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்த வெள்ளரிப் பிஞ்சுல என்ன பொடி தூவுதிய? சொன்னா நானும் இலையில ஓரமா வச்சிருவேன்."

கைலாசத்துக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எள்ளு. வறுத்த எள்ளு."

தங்கத்தாய் மறுநாள் எள்ளுப் பொடி தூவி வைத்தாள். கசந்து வழிந்தது. "சுக்கு சேர்த்தியா? சேர்க்கலையா? அதான்" என்றார் கைலாசம். அதற்கு மறுநாள் சுக்கு சேர்ந்தது. மூக்காண்டி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, மாட்டுக்கு வயிறு உப்பினால் கொடுக்கிற மருந்து இதே மாதிரிதான் இருக்கும் என்று நிதானமாகச் சொன்னார். தங்கத்தாய்க்குக் கைலாசத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. "அண்ணாச்சி தொழில் ரகசியத்தை லேசுல விடமாட்டாக" என்று மரியாதைதான் கூடியது. ஆனால் அவள் கடை நடத்துகிறவள். ரகசியத்தை எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு புதன்கிழமை காலையில், கைலாசம் ஆபீசுக்குப் போன பிறகு, கடையில் உலை வைப்பதற்கு முன்னால், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மதினி, நான் சாப்பாட்டுக் கடை தங்கத்தாய். அண்ணாச்சி தினமும் எங்களுக்கெல்லாம் கொண்டாந்து தாராகள்ள, அந்த வெள்ளரிப் பிஞ்சுப் பொடி என்னன்னு கேக்க வந்தேன்."

"எங்களுக்கெல்லாமா?" என்றாள் காந்திமதியம்மாள்.

தங்கத்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். கடலையில் ஆரம்பித்து, எள்ளு, சுக்கு வரைக்கும் சொன்னாள். பக்குவம் அண்ணாச்சியுடையது என்பதையும் சொன்னாள். காந்திமதியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஓமத் தண்ணீரை நினைத்தபோதுதான் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எள்ளும் இல்ல, சுக்கும் இல்ல. வறுத்த உளுந்து, மிளகா வத்தல், உப்பு. தோசைக்குத் தொட்டுக்கிடுத பொடியில பாதியளவு பெருங்காயம். அம்புட்டுத்தான்."

"இம்புட்டுத்தானா?"

"இதுக்கு மேல செய்ய எனக்கு எங்க நேரம் இருக்கு?"

தங்கத்தாய் கிளம்பும்போது, "மதினி, ஒருநா நம்ம கடையில ஒரு வாய் சாப்பிடணும்" என்றாள். பேச்சுக்குச் சொன்னதுதான். காந்திமதியம்மாள் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு ஆளுக்காகச் சோறு வடித்து, ஒரு ஆளாக உட்கார்ந்து சாப்பிட்ட மதியங்கள்தான் அங்கே இருந்தன.

"ஒருநா என்ன, இன்னைக்கே வாரேன்" என்றாள்.

ஒரு மணிக்குக் கைலாசம் தூக்குச்சட்டியோடு கடைக்கு வந்தார். பெஞ்சில் வழக்கத்துக்கு மாறாக எல்லாரும் தூக்குச்சட்டியைப் பார்க்காமல் கடைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஃபேனுக்குக் கீழே அவர் இடத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தது. அரக்குக் கலர் சேலை. அந்தச் சேலையைத் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். பாதுஷா விடவில்லை. "உள்ள போங்க வே, வீட்டுல வந்திருக்காக" என்று தூக்குச்சட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

காந்திமதியம்மாள் தலையை நிமிர்த்தி, "உக்காருங்க. தேங்காப்பால் சொதி நல்லாருக்கு" என்றாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். ஃபேன் காற்று அங்கே வரவில்லை. அவள் மெதுவாகச் சாப்பிட்டாள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவர் வீட்டில் அவள் அப்படிச் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. அவள் சாப்பிட்டே அவர் பார்த்ததில்லை என்றுகூடச் சொல்லலாம். ரசம் வந்தது. ஒரு வாய் குடித்தாள்.

"தங்கத்தாயி, ரசத்துல புளி தூக்கல். பருப்புத் தண்ணி பத்தல."

கடை முழுக்கக் கைலாசத்தைப் பார்த்தது. தங்கத்தாய் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தாள். யோசித்தாள்.

"ஆமா மதினி. இத்தனை வருஷமா ஒரு மனுசரும் சொல்லலியே."

கைலாசம் இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். ரசம் விடட்டுமா என்று தங்கத்தாய் கேட்டபோது, விடு என்பதா வேண்டாம் என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு காந்திமதியம்மாள் புதன்கிழமைதோறும் மதியம் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டு நெல்லையம்மாளையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் போனாள். முதலில் தெருவில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். பிறகு, எந்தக் கடையில் என்ன நன்றாக இருந்தது என்று அவர்களே வந்து கேட்டார்கள். வடக்கு ரத வீதி ஓட்டல்காரர் அவள் வருவது தெரிந்தால் அன்றைக்குக் கூட்டு வைக்காமல் அவியலே வைத்தார். தங்கத்தாய் கடையில் இலை ஓரத்தில் வெள்ளரிப் பிஞ்சும் அவித்த கடலையும் விழ ஆரம்பித்தன. வாசல் பெஞ்சில் கைலாசத்தின் தூக்குச்சட்டிக்கு வேலையில்லாமல் போனது.

அடுத்த வருஷம் கைலாசத்துக்கு வயிற்றில் எரிச்சல் கண்டது. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, வெளிச்சாப்பாடு கூடவே கூடாது, புளியும் காரமும் இல்லாமல் வீட்டில் மோர்ச்சோறு என்று சொல்லிவிட்டார். "வாயு இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "அது மட்டும் கிடையாது" என்றார் கைலாசம். அன்றிலிருந்து ஒரு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். புதன்கிழமை மட்டும் மோர்ச்சோறு தட்டு போட்டு மூடியிருக்கும், வீட்டில் ஆள் இருக்காது. மாவு மில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தனியாகச் சாப்பிடுவார். ஆபீஸ் பியூன் காசி ஒருநாள் மதியம் வீட்டுக்கு வந்து, புதிதாக வந்த ஆபீசர் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டு வரச் சொன்னதாகச் சொன்னான். கைலாசம் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா இல்லீங்களா?" என்றான் காசி.

புளியங்குடி எலுமிச்சைச் சந்தை பக்கம் ஒரு கடை இருக்கிறது, அங்கே கூட்டாஞ்சோறு பிரமாதம் என்று காந்திமதியம்மாள் யார் மூலமோ கேள்விப்பட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். அவருக்கு ஒரு டப்பாவில் மோர்ச்சோறு கட்டிக்கொண்டாள். கடையில் போய் உட்கார்ந்து அவர் டப்பாவைத் திறந்ததும் கல்லாவில் இருந்தவர், "வெளிச்சாப்பாடு இங்கன சாப்பிடக் கூடாது, அண்ணாச்சி" என்றார். கைலாசம் எழுந்து, எதிர்க்கடையில் எலுமிச்சை மூட்டை மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக அவள் இலை தெரிந்தது. கூட்டாஞ்சோறு வந்தது. அவள் முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடியது தெரிந்தது. பரிமாறுகிற ஆளைக் கூப்பிட்டு இரண்டாவது தடவை வாங்கியதும் தெரிந்தது. கைலாசம் தன் டப்பாவைக் காலி செய்துவிட்டு மூடியில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

கை கழுவிவிட்டு வெளியே வந்த காந்திமதியம்மாள் அவர் பக்கத்தில் மூட்டை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"அப்படி ஒண்ணும் விசேஷமில்ல" என்றாள். "நீங்க சாப்பிட்டிருந்தாலும் உங்களுக்குப் பிடிச்சிருக்காது."

சொல்லிவிட்டு, அவர் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கைலாசம் பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.