தாய்மாமனுக்கு இடமில்லாத செயலி

ஒவ்வொருவர் உடம்புக்கும் குடும்பத்துக்கும் தக்கபடி எந்தச் சோதனை, எந்த மருந்து என்று சொல்லும் செயலி அது. ஆஸ்பத்திரிகள் வாங்குமுன், எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சரிவருமா என்று பார்த்து எழுதுவது என் வேலை. பெரியகுளம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸின் அருகே உட்கார்ந்திருந்தேன். அன்று வந்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை, பிறந்த மாதமே பால் குடிப்பதை நிறுத்திச் செத்துப்போனது. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை.

அக்காவைக் கட்டியிருப்பது எங்கள் அம்மாவின் தம்பி. குடும்பப் படத்தில் அவரை நர்ஸ் தாய்மாமன் என்று போட்டார். கணவன் இடத்திலும் அவரையே போட்டதும் திரை சிவந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் வரக் கூடாதாம்.

"என்ன தம்பி, உங்க மெசினு மாமனக் கட்டுனதே இல்லையா?" என்று நர்ஸ் சிரித்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது. கணவனைச் 'சொந்தமில்லை' என்று தட்டினால்தான் அடுத்த பக்கம். தட்டினார். பச்சை வந்தது: கூடுதல் சோதனை தேவையில்லை.

"இது தப்புக்கா. மதுரைக்குப் போயி பாத்துருவோம்" என்றேன் அங்கேயே.

சாயந்திரம் மாமா பிடித்துக்கொண்டார். "மாப்ள, நம்ம வீட்டுலயே நீ ஒருத்தன்தான் படிச்சவன். உன் மெசினே நல்லாருக்குங்குது. நீ இல்லேங்கிற. எதடா நம்ப?"

"அது உங்கள வேத்தாளுன்னு நெனச்சுச் சொல்லுது மாமா."

"ஏலே, நானாடா வேத்தாளு? ஒன்னத் தோள்ல தூக்கித் திரிஞ்சவன்டா!"

அக்கா குறுக்கே வந்தாள். "விடுடா. போன தடவ ஊருல என்னென்னமோ சொன்னாக. இப்பத்தான் ஒண்ணு நல்லதாச் சொல்லிருக்கு. அதையும் கெடுக்காத."

மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற ஊரில் இதை வைக்கக் கூடாது என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினேன். அடுத்த பதிப்பில் சரிசெய்வதாகப் பதில் வந்தது. அக்காவிடமும் போய்ப் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சோற்றைப் போட்டுப் பேச்சை மாற்றினாள்.

பெண் பிள்ளை. கொஞ்ச நாளிலேயே பால் குடிப்பது குறைந்தது.

மதுரையில் டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்ததும் கேட்டது, "சொந்தத்துலயா கட்டிருக்கீங்க?"

மாமா தலையை ஆட்டினார்.

"மொதப் பிள்ளைக்கும் இப்படியா? முன்னாடியே வந்திருக்கலாமே."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. சங்கில் பாலை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.