முக்குளிப்பானைப் பார்க்க ஊரே வந்தது

எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கும். இதை நம் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் வீட்டில் ஏதாவது சண்டையா என்று மெதுவாகக் கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றால் இன்னும் மோசம். வேப்பிலை தேடப் போய்விடுவார்கள்.

நான் வளர்ந்தது கிளேபாங்கில், கடலுக்குப் பக்கத்தில். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மீன் பிடிக்கிறவர். அவருடைய பெண்களோடு சேர்ந்து நானும் நீந்தப் பழகினேன். அவர்களுடைய சின்னச் சம்பான் படகைத் துடுப்புப் போட்டு ஓட்டவும் பழகினேன். கல்யாணமாகி ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். அங்கங்கே இருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்து, ஆட்களையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து அடைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள்.

லயத்து வீட்டின் நடுச்சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் நாங்கள் 'நூறு' சொல்வோம். நானும் என் வீட்டுக்காரரும் ராத்திரி ரகசியமாக ஏதாவது பேசினால், காலையில் குழாயடியில் மூன்றாவது வீட்டு அக்கா அதற்கு யோசனை சொல்வார். யோசனை நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

என் மாமியார் தோட்டத்து ஆயா. தாய்மார்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் அவரிடம் விட்டுப் போவார்கள். வேலி வந்த பிறகு மற்ற லயங்களின் பிள்ளைகளும் சேர்ந்து கொட்டகை பொங்கி வழிந்தது. இடுப்பில் ஒன்று, முதுகில் தொங்கிக்கொண்டு ஒன்று, சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு மூன்று. இப்படித்தான் அவரை எப்போதும் பார்ப்பேன். அந்தக் கூச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி அவர் குரலும் வளர்ந்துவிட்டது. வீட்டில் "உப்பை எடு" என்பார். காவல் மேடையில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

என் வீட்டுக்காரருக்கு ரப்பர் ஆலையில் தண்ணீர்ப் பம்பு பார்க்கிற வேலை. ஆலைக்குத் தண்ணீர் எடுக்கிற குளம் வேலியின் கேட்டுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. பம்பின் வாயில் வந்து அடைக்கிற ஆகாயத்தாமரையை அள்ளுவதற்கு அங்கே ஒரு பழைய சம்பானும் கட்டிக் கிடந்தது. ஒரு நாள் அவருக்குக் கோப்பிப் போத்தலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் குளத்தில் முக்குளிப்பான் என்கிற அந்தப் பறவையைப் பார்த்தேன்.

வாத்தில் பாதிகூட இருக்காது. வால் என்று ஒன்றும் இல்லை. செய்தவன் பாதியில் எழுந்து சாப்பிடப் போய்விட்டான் போல. ஆனால் அது முங்குகிற அழகு! இப்போது இருக்கும், இப்போது இருக்காது. முங்கிய இடத்தையே நாம் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கேயோ தள்ளி எழும்பி, கிலுகிலுவென்று நீளமாக ஒரு சிரிப்புச் சிரிக்கும். அன்றைக்கு அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து வரிவரியாய்க் குட்டித் தலை ஒன்று எட்டிப் பார்த்தது மாதிரி இருந்தது. நான் சரியாகப் பார்ப்பதற்குள் பம்பு இரைந்தது. தாய் முங்கிவிட்டது.

அது குஞ்சுதானா, முதுகில் ஏற்றிக்கொண்டா திரிகிறது என்று கிட்டத்தில் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது. குஞ்சு வளர்ந்துவிட்டால் முதுகில் ஏறாது. அதற்குள் பார்க்க வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்டது.

மறுநாள் சாயங்காலம், கேட் மூடுவதற்கு நேரம் இருந்தது. சம்பானை அவிழ்த்துக்கொண்டு குளத்தின் நடுவுக்குப் போய்த் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். ஆகா, என்ன சுகம்! அந்தச் சுகம் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட இருக்கவில்லை.

"ஐயையோ, புதுப்பொண்ணு தண்ணிக்குள்ள போயிருச்சு!"

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண், தனியாக, தண்ணீர்ப் பக்கம், அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் என்ன சந்தேகம்? ஆலையிலிருந்து ஆட்கள், லயத்திலிருந்து ஆட்கள், மாவு பிசைந்த கையோடு மூன்றாவது வீட்டு அக்கா, எல்லாரும் கரைக்கு வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் "நான் ஒண்ணுமே சொல்லலியே!" என்று கத்திக்கொண்டே குளத்தில் குதித்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. என்னைக் காப்பாற்ற வந்தவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான்தான் கரை சேர்த்தேன். ஆனாலும் பெண்டாட்டிக்காக உயிரையே கொடுக்கப் போனவர் என்று தோட்டம் முழுக்க அவருக்குத்தான் பேர்.

அன்று ராத்திரி மாமியார் என்னை விசாரித்தார். "உண்மையச் சொல்லு. நீ வச்ச ரசத்தக் கழுநீர்னு சொன்னேனே, அதுக்கா?"

"இல்லத்த. குருவி பார்க்கப் போனேன்."

"குருவி பார்க்கவா? ரசந்தான்" என்று அவர் தீர்மானித்துவிட்டார். இரண்டு நாள் என் ரசத்தைப் புகழ்ந்து புகழ்ந்து குடித்தார். பாவமாக இருந்தது.

அடுத்த தடவை முறையாக அனுமதி கேட்டுக்கொண்டுதான் போனேன். இனி என்னைத் தனியாக வெளியே விடக் கூடாது என்று கேட் காவல்காரர், ஒரு மலாய்க்கார இளைஞர், துப்பாக்கியோடு கூடவே வந்து சம்பானில் ஏறிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கரையில் நின்று சம்பானில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டார், மாடு மேய்க்கிறவர் மாதிரி. நாணலுக்குள்ளிருந்து முக்குளிப்பான் சிரித்ததுதான் தாமதம், காவல்காரர் சம்பானில் குப்புறப் படுத்துத் துப்பாக்கியை நீட்டி, "சியாப்பா டி சானா?" என்று கத்தினார். யார் அங்கே என்று ஒரு பறவையைக் கேட்கிறார்! நான் துப்பாக்கி முனையை வானத்துப் பக்கம் தள்ளிவிட்டு, "பூரோங் லா! பூரோங்!" என்று கத்தினேன். பறவை என்று புரிந்ததும் அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினார். முக்குளிப்பான் அன்றைக்கு அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. குஞ்சுகள் அங்கே வளர்ந்துகொண்டிருக்கின்றன, நான் இங்கே வெங்காயம் உரிக்கிறேன். என் முகத்தைப் பார்த்த மாமியார், "கெளம்பு. நான் கூட வர்றேன். அந்தக் கருமத்த நானும் பார்க்குறேன்" என்றார். போயும் போயும் இவரா என்று எனக்கு இருந்தது.

கேட்டில் மாமியாருடைய முறுக்கு டின்னைக் காவல்காரர் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டுச் சாமான் வேலியைத் தாண்டக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சட்டம்.

"ஏன் தம்பி, என் முறுக்கக் கடிச்சா அவன் பல்லு போயிரும். கவர்மெண்டுக்கு அது நல்லதுதானே லா?" என்றார் மாமியார். காவல்காரருக்குத் தமிழ் புரியவில்லை. எங்களோடு வருவதா, டின்னைக் காவல் காப்பதா என்று யோசித்து, டின்னோடு நின்றுவிட்டார்.

சம்பானில் ஏறியதிலிருந்து மாமியார் பேசினார். ஓட்டையைப் பற்றி, அட்டையைப் பற்றி, கொட்டகையில் அன்றைக்கு எந்தப் பிள்ளை எதை விழுங்கியது என்பதைப் பற்றி. "அந்தக் கடைசி வீட்டுப் பய இருக்கானே, அவன்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார்.

கைக்கு எட்டுகிற தூரத்தில் முக்குளிப்பான். முதுகில் மூன்று குஞ்சுகள், வரிவரியாக. ஒன்று தாயின் கழுத்தைக் கொத்தியது, ஒன்று வழுக்கி விழுந்து திரும்ப ஏறியது, ஒன்று வாயைப் பிளந்து கத்திக்கொண்டே இருந்தது. திடீரென்று தாய் முங்கியது. மூன்றும் தண்ணீரில் தக்கை மாதிரி மிதந்தன. தாய் எங்கேயோ தூரத்தில், தனியாக எழும்பியது. உடனே திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே சும்மா இருந்தது.

"பாத்தியா அவள?" என்றார் மாமியார். அவருக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். "ஒரு முங்கு போட்டுட்டு ஓடிட்டா."

கரை சேரும் வரை அவர் அந்தத் தாய்ப்பறவை இருந்த பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் தனியாகப் பார்க்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு குறை. நாளைக்கு எப்படியும் தனியாக வந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் குளத்தடியில் சம்பான் இல்லை. கரை நிறைய ஆட்கள். குளத்தின் நடுவே, சம்பானில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் மாமியார்!

அவருக்குத் துடுப்புப் போடத் தெரியாது. எப்படித்தான் அவ்வளவு தூரம் போனாரோ. சம்பான் மெதுவாகச் சுற்றியது, அவரும் கூடவே சுற்றினார். "ஆயா! ஆயாவ்! மருமக எதாச்சும் சொல்லிச்சா?" என்று கத்தினார்கள். மூன்றாவது வீட்டு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வீட்டுக்காரர் மறுபடியும் சட்டையைக் கழற்றினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் சம்பான், என் குருவி, என் சாயங்காலம். ஒரு கத்துக் கத்தலாம் என்று வாயைத் திறந்தபோது சம்பான் மறுபடியும் சுற்றி அவர் முதுகு எங்கள் பக்கம் வந்தது. அந்த முதுகில் பிள்ளை இல்லை. இடுப்பிலும் இல்லை. நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கத்தவில்லை.

கேட் மூடுகிற மணி அடித்தது. "நீதானே நீந்துவ, போய் இழுத்துட்டு வா!" என்றார் என் வீட்டுக்காரர்.

"போறேன். கொஞ்சம் இருங்க" என்று கரையில் உட்கார்ந்துவிட்டேன். காவல்காரர் வந்து கேட்டைக் காட்டினார். "செபெந்தார் லா", கொஞ்ச நேரம்தான் என்றேன். அவரும் உட்கார்ந்தார். அவர் சட்டைப் பையில் முறுக்குத் துண்டு இருந்தது.

இருட்டும் முன் நீந்திப் போய்ச் சம்பானைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் மாமியார் குனிந்து, கரையில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "நாளைக்கு நீ போ. ஒரு பயலயும் கிட்ட விடமாட்டேன்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் குளத்தின் நடுவில் நான் தனியாக இருந்தேன். கரையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மாமியார் நின்றார். "யாரும் சத்தம் போடக் கூடாது! என் மருமக தனியா இருக்கு!" என்று கேட் மூடும் வரை கத்திக்கொண்டே இருந்தார். அந்தக் கத்தலுக்கு முக்குளிப்பான் தலையே காட்டவில்லை. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.