மூன்றாம் தீடை

போன கிழமை என் மருமகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வெள்ளை மணலில் நிற்கிறாள், சுற்றிவரக் கடல். "மாமா, மூண்டாம் தீடை. அந்தமாதிரி வடிவான இடம்" என்று கீழே எழுதியிருந்தாள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கடலில் வரிசையாகக் கிடக்கும் மணல் தீவுகளைத்தான் நாங்கள் தீடை என்போம். இராமர் கட்டிய அணை என்பார்கள், ஆதாம் நடந்த பாலம் என்பார்கள். என்னைக் கேட்டால் கேட்கிற ஆளைப் பார்த்து இரண்டில் ஒன்றைச் சொல்வேன். சரித்திரம் கதைப்பதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்த லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்ததும் மூக்கில் ஏறியது, முன்பு ஒருமுறை வள்ளத்தில் எங்களுக்குத் தந்த ஜாக்கெட்டின் மண்ணெண்ணெய் வாடைதான். கொரோனா அடங்கிய மறுவருஷம், கார்த்திகை மாதம், எங்கள் கந்தோரில் வேலை செய்கிற ஏழு பேர் அனுமதி எடுத்துத் தீடை பார்க்கப் போனோம். ஏற்பாடு முழுக்க நான். மாரி காலத்தில் எந்த விசரன் கடலுக்குப் போவான் என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டால்தானே. வள்ளம் வெளிக்கிட முதலே மழை பிடித்துக்கொண்டது. கட்டிக்கொண்டுபோன பாணும் சம்பலும் நனைந்து களியாகிவிட்டன. அதையும் வழித்துத் தின்றோம்.

எங்களோடு தட்டச்சு வேலை பார்த்த ரெஜினாவும் வந்திருந்தாள். வழக்கமாக எந்தப் பயணத்துக்கும் வராதவள், இதற்கு மட்டும் தானாகவே பெயர் கொடுத்தாள். மடியில் ஒரு பொலித்தீன் பை, உள்ளே மெழுகுதிரிப் பெட்டி. என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன ரெஜினா, கடலுக்குள்ளயும் கரண்ட் கட்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

மூன்றாம் தீடையில் இறங்கினோம். அவள் எங்களை விட்டு விலகிப்போய், மணலில் முழங்காலில் நின்று, குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு மெழுகுதிரி கொளுத்தப் பார்த்தாள். நெருப்புக்குச்சி நனைந்து நனைந்து அணைந்தது. நான் போய்க் குடையைப் பிடித்தேன். அப்போதுதான் சொன்னாள்.

"தம்பி இஞ்சதான் அண்ணா கிடக்கிறான். கல்லறைத் திருநாள் வந்தா எல்லாரும் தங்கட ஆக்களுக்குத் திரி கொளுத்துவினம். அம்மாவுக்கு மட்டும் போக இடமில்லை."

சண்டைக்குப் பயந்து தாயோடு இந்தியாவுக்கு வள்ளமேறியபோது அவளுக்கு ஆறு வயது, தம்பிக்குப் பத்து மாதம். வள்ளக்காரன், 'இந்தியா வந்திட்டுது' என்று இந்த மணலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் குடிக்கத் தண்ணீர் இல்லை. குழந்தை முடிந்துபோனது. தாய் தன் கையாலேயே மணலைத் தோண்டிப் புதைத்தாராம். மூன்றாம் நாள் ஏற்றிக்கொண்டுபோன மீன்பிடிக்காரரிடம், இது எத்தனையாவது தீடை என்று கேட்டிருக்கிறார். தலைமன்னாரிலிருந்து மூன்றாவது என்றார்களாம். அகதி முகாமில் இருந்த அத்தனை வருஷமும், ஊர் திரும்பிய பிறகும், அந்த மூன்றை அவர் ஒரு விலாசம் போல வைத்திருந்தார். இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கும்போதுகூட 'மூன்றாம் தீடையில் இளைப்பாறும் மகன்' என்றுதான் கொடுப்பாராம்.

சும்மா நின்றிருக்கலாம். ஆறுதல் சொல்லுகிறேன் பேர்வழி என்று வள்ளம் ஓட்டிவந்த அண்ணையைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"அண்ணை, இந்தத் தீடை ராமர் காலத்தில இருந்தே இப்பிடியே கிடக்குதுதானே?"

அவர் எஞ்சினில் குனிந்தபடியே சொன்னார். "இதுவோ? இது போன மாரிக்கு முந்தின மாரி வந்தது. சோழகக் காத்து ஒண்டைக் கரைச்சுக் கொண்டுபோகும், வாடைக் காத்து வேற இடத்தில கொண்டந்து போடும். பழைய மூண்டு எப்பவோ கரைஞ்சு போட்டுது. நாங்கள் அந்தந்த வருசத்துக்கு எண்ணுறதுதான்."

ரெஜினா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மெழுகுதிரி அப்போதுதான் பற்றியிருந்தது. அதை ஊதவும் இல்லை, மணலில் ஊன்றவும் இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் ஒரு தாய் பொத்தி வைத்திருந்ததை ஒரு கேள்வியில் கெடுத்துவிட்டேன்.

"அம்மாட்ட என்னெண்டு அண்ணா சொல்லுறது?"

நான் குடையை அவள் கைத்திரிப் பக்கம் இன்னும் சரித்தேன்.

பின்னேரம் உயிலங்குளத்தில் அவளை இறக்கிவிட வான் நின்றபோது, தாய் விறாந்தையில் கதிரை போட்டுக் காத்திருந்தார்.

"இருக்குதம்மா. அப்பிடியே இருக்குது" என்றாள் ரெஜினா.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் பாத்தனீங்களோ தம்பி?"

"ஓம் அம்மா."

"அப்ப வாற வருசம் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

அடுத்த நாளிலிருந்து அவர் குளக்கட்டில் நடக்கத் தொடங்கிவிட்டார், மணலில் நடக்கக் காலுக்குப் பலம் வேண்டுமென்று. அம்மா இன்றைக்கு மதகு வரை போனா, இன்றைக்குக் கோவிலடி வரை போனா என்று ரெஜினா கந்தோரில் வந்து சொல்லுவாள். நாங்கள் இரண்டு பேரும் முகத்தை முகம் பார்ப்பதில்லை. கார்த்திகை நெருங்க நெருங்க எனக்கு நித்திரை குறைந்துகொண்டு போனது.

ஐப்பசி முதல் மழையோடு அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். பிள்ளையைப் புதைத்த அந்தப் பழைய மூன்றாம் தீடையைக் கண்டவர்களில், அந்த வீட்டில் ரெஜினா ஒருத்திதான் இனி மிச்சம், அவளும் அப்போது குழந்தை. சாவுச் செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இதை நான் இன்னும் ரெஜினாவிடம் சொல்லவில்லை.